நீர்மட்டம் பார்த்துப் பறவை பார்: திருகோணமலைக் களப்புகளில் ஒரு முழு நாள்

திருகோணமலையில் நீர்ப்பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் ஆளுக்கோர் இடம் சொல்வார்கள். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, தம்பலகாமம், கந்தளாய், கொக்கிளாய் எல்லாமே சரியான விடைதான். ஆனால் போன மாதம் பறவை மொய்த்த இடத்தில் இன்று நாலு கொக்கு மட்டும் நிற்கும். இடம் அதேதான், தண்ணீர் மாறிவிட்டது. அதனால் இந்த வழிகாட்டி இடத்தில் தொடங்காமல் தண்ணீரில் தொடங்குகிறது.

தண்ணீரைப் படிப்பது

நடந்து இரை தேடும் நீர்ப்பறவை எங்கே நிற்கும் என்பதை அதன் காலும் அலகும் எவ்வளவு நீளம் என்பதே தீர்மானிக்கிறது. கொசு உள்ளான் என்ற சிறு சேற்றுப் பறவைக்கு இரண்டு விரல் உயரக் கால்தான். ஈரச் சேற்றின் மேல் படலமாகத் தண்ணீர் நின்றால் அதற்குப் போதும், கணுக்கால் ஆழம் வந்தாலே இடத்தை விட்டுவிடும். பவளக்காலியும் பச்சைக்காலியும் நாலைந்து விரல் ஆழம் வரை இறங்கும். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் தண்ணீரிலும் வயிறு நனையாமல் நடக்கும். பெரிய கொக்கும் சாம்பல் நாரையும் முழங்கால் ஆழத்துக்குக் கிட்ட வரை போகும். அதற்கு மேல் நீந்துபவையும் பாய்பவையும்தான்: கூழைக்கடா, நீர்க்காகம், வாத்து, ஆலா.

இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம். தூரத்தில் நிற்கும் நெடுங்கால் உள்ளானின் வயிற்றைத் தண்ணீர் தொட்டால் அங்கே சிறு உள்ளான்களைத் தேடுவது வீண் வேலை. அதே பறவையின் கால் முழுவதும் வெளியே தெரிந்தால் அதைச் சுற்றியுள்ள சேற்றை அங்குலம் அங்குலமாகப் பாருங்கள்.

வெளிநாட்டுக் கையேடுகள் கடலின் வற்றுப் பெருக்கு அட்டவணையை முதலில் பார்க்கச் சொல்லும். நம் கரையில் அது அவ்வளவு உதவாது. இலங்கையைச் சுற்றி உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசம் வராது. களப்பின் நீர்மட்டத்தை ஆட்டிவைப்பவை வேறு மூன்று: மாரி மழை, முகத்துவாரத்து மணற்திட்டு, கோடை வெயில். மழை வெள்ளம் களப்பை நிரப்பி, திட்டு தானாக உடைந்தாலோ ஆட்கள் வெட்டிவிட்டாலோ தண்ணீர் மளமளவென்று இறங்கும். புதிதாக வெளியே வந்த சேற்றில் புழுவும் சிறு இறாலும் மேலேயே இருக்கும், பறவைக்கு அது பந்தி. திட்டு மறுபடி மூடிக்கொண்டால் களப்பு மெல்ல வெயிலில் வற்றும், ஓரச் சேறு நாளுக்கு நாள் அகலும்.

ஆகவே புறப்படுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி “பறவை நிற்கிறதா?” என்பதல்ல. வீச்சுவலை போடுகிறவரிடம் “அண்ணன், முகத்துவாரம் வெட்டியாச்சா? ஓரத்துத் தண்ணி எவ்வளவு?” என்று கேளுங்கள். தினமும் அந்தத் தண்ணீரில் இறங்கி நிற்கிற ஆள் சரியான பதில் சொல்வார்.

எந்த மாதம்

வடக்கிலிருந்து வரும் பறவைகள் ஓகஸ்ட் கடைசியிலேயே தலைகாட்டத் தொடங்கும். அப்போது களப்பு வற்றிக் கிடப்பதால் செப்டெம்பர் சேறு நல்ல சேறு. ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்றோடு மழை பிடித்துக்கொள்ளும். நவம்பர், டிசம்பரில் களப்பு முட்டி வழியும்போது சேற்றுப் பறவைகள் உப்பளப் பாத்திகளுக்கும் உழுத வயலுக்கும் சிதறிவிடும். அந்த நேரம் களப்புக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி, இங்கே பறவையே இல்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் ஜனவரி கடைசிக்கும் மார்ச் நடுப்பகுதிக்கும் இடையில் வையுங்கள். மழை ஓய்ந்து, தண்ணீர் வாரத்துக்கு வாரம் இறங்கி, வலசை வந்தவையும் இருந்து, வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும் காலம் அது. ஏப்ரலில் வெயில் கடுமை, எண்ணிக்கையும் குறையும். ஆனாலும் ஒரு தனிச் சுவை உண்டு: புறப்படப் போகும் பறவைகள் இனப்பெருக்க காலத்துக் கலியாண நிறம் எடுத்திருக்கும். மாதக்கணக்காகச் சாம்பலாக நின்ற வளைந்த மூக்கு உள்ளான் செங்கல் சிவப்பாகிவிடும். மீசை ஆலாவின் வயிறு கறுத்துவிடும்.

மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று. இது வெறுமையான காலமல்ல. வலசை வந்த உள்ளான்களில் இளம் பறவைகள் சில வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். இங்கேயே வாழும் அனுமான் உப்புக்கொத்தி உப்பளத்து வெறுந்தரையில் முட்டையிடுவதும் வறட்சிக் காலத்தில்தான். வெண்மார்பு உப்புக்கொத்தியின் ஒரு வகையாக நெடுங்காலம் கருதப்பட்ட அதை 2023-இல் தனி இனமாகப் பிரித்தார்கள். தென்னிந்தியாவும் இலங்கையுமே அதன் வீடு.

முந்தின நாள்

தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம். திருகோணமலை கடற்படைத் தளம் உள்ள ஊர், கரையோரம் நெடுக முகாம்கள் உண்டு. முகாம் கண்ணில் படும் இடத்தில் டெலஸ்கோப்பையோ நீள லென்ஸ் கமராவையோ தூக்கக் கூடாது, பறவை அந்தப் பக்கம் நின்றாலும் விட்டுவிடுங்கள். இராணுவச் சீருடையைப் போன்ற புள்ளி உடை பறவைக்கு மறைவாக இருக்கும் என்று நினைத்து அணிந்து போனால் நாள் பொலிஸில் முடியலாம். மங்கிய பச்சை, மண் நிறம், சாம்பல் போதும். வெள்ளைச் சட்டை ஆகாது, வெட்டவெளியில் அது ஒரு கிலோமீற்றருக்குத் தெரியும்.

பையில் ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், ஒரு ஜீவனிப் பக்கெற் (வியர்வையில் போன உப்பை ஈடுசெய்யத் தண்ணீரில் கரைக்கும் தூள்), அகல விளிம்புத் தொப்பி, நீளக் கை, கொப்பி, பென்சில். பேனை வியர்வையிலும் தூறலிலும் ஊறும். ஈரம் பட்டால் துடைக்கப் பழைய பருத்தித் துணி இரண்டு: ஒன்று முகத்துக்கு, மற்றது கண்ணாடிக்கு, இரண்டையும் கலக்கக் கூடாது.

உப்பளத்துக்குள் போக நினைத்தால் முந்தின நாளே வாசலில் உள்ளவரிடம் அனுமதி கேட்டு வையுங்கள். விடியற்காலையில் கேட்டால் பொறுப்பானவர் இருக்க மாட்டார். அனுமதி கிடைக்காவிட்டால் தெருவோரத்தில் நின்றே பார்க்கக்கூடிய பாத்திகளைப் பகலில் ஒருமுறை சுற்றிக் குறித்து வைத்தால் நல்லது. பஸ்ஸில் போவது மலிவு, ஆனால் விடியலுக்கு முன் பஸ்ஸை நம்ப முடியாது. மோட்டார் சைக்கிள் அல்லது நாள் வாடகைக்குப் பேசிய ஓட்டோ நல்லது. பேசும்போதே “அடிக்கடி நிற்பாட்டுவோம், காத்திருக்க வேணும்” என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏழு மணிக்கே ஓட்டோக்காரருக்குப் பொறுமை போய்விடும்.

பைனாகுலரைக் கண்ணுக்குப் பொருத்துவது

புதிதாக வாங்குபவர்கள் 10x42-ஐத்தான் (10 மடங்கு பெருக்கம், முன் கண்ணாடி 42 மி.மீ.) கேட்பார்கள், பெருக்கம் கூட என்று. களப்புக்கு 8x42 மேல். கண்ணாடியின் அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் கிடைக்கும்: 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ., 10-ஆல் வகுத்தால் 4.2 மி.மீ. விடிகாலை மங்கலில் அந்த வித்தியாசம் தெரியும். அதோடு வெட்டவெளிக் காற்றில் கை நடுங்கும், பெருக்கம் கூடக்கூட நடுக்கமும் பெருகும்.

பலர் வருடக்கணக்காகச் சரிசெய்யாத பைனாகுலரோடு அலைகிறார்கள், பறவைதான் மங்கல் என்று நினைத்துக்கொண்டு. சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். முதலில் இரு குழல்களையும் விரித்தும் மடக்கியும் ஒரே வட்டம் தெரியும்படி வையுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர் கண்வளையத்தை உள்ளே தள்ள வேண்டும், போடாதவர் வெளியே இழுக்க வேண்டும். பிறகு முப்பது மீற்றர் தூரத்திலுள்ள கடைப் பலகை எழுத்தைப் பாருங்கள். வலப்பக்க லென்ஸை உள்ளங்கையால் மூடி, இடக்கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்தைக் கூராக்குங்கள். இனி இடப்பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தில் உள்ள சிறு திருகை மட்டும் திருப்பிக் கூராக்குங்கள். அந்த நிலையை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துக் குறித்துவிட்டால், இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். கண்ணை மூடிக்கொண்டு செய்வதைவிட லென்ஸை மூடுவது நல்லது, ஒரு கண்ணைச் சுருக்கினால் மற்றக் கண்ணும் இறுகி அளவு பிசகும்.

டெலஸ்கோப் இருந்தால் சேற்றுப் பறவைக்கு அது பெரிய உதவி. ஆனால் 20 முதல் 60 மடங்கு என்று எழுதியிருந்தாலும், வெயில் ஏறிய பிறகு 30-க்கு மேல் போவதில் பயனில்லை. தெரிவது பறவை அல்ல, கொதிக்கும் காற்று. ட்ரைபொட்டின் நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை நீட்டி உயரம் எடுங்கள், காற்றுக்கு ஆடாது.

விடியல் முதல் ஒன்பதரை வரை

ஜனவரி, பெப்ரவரியில் சூரியன் ஆறே காலுக்கும் ஆறரைக்கும் இடையில் எழும். நகரிலிருந்து நிலாவெளி சுமார் 15 கி.மீ. ஐந்தே காலுக்குப் புறப்பட்டால் அவசரமில்லாமல் போகலாம். வழியில் சாம்பல்தீவுப் பாலத்தருகே இருட்டு விலகும் நேரம் பத்து நிமிடம் நின்றால், அடைந்த இடத்திலிருந்து கிளம்பும் கொக்குகளும் நீர்க்காகங்களும் தலைக்கு மேல் போவது தெரியும். கூட்டங்கள் எந்தத் திசைக்குப் போகின்றன என்று பாருங்கள். இரை எங்கே இருக்கிறது என்பதை அவை உங்களுக்கு முன்பே அறியும்.

எந்தப் பக்கம் நிற்பது என்பது கிழக்குக் கரையில் எளிது. பொதுவாகக் கடல் கிழக்கே, மணல்மேடு நடுவே, களப்பு மேற்கே. காலையில் கடல் பக்கத்து மேட்டில் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் களப்பு முழுவதும் வெளிச்சத்தில் இருக்கும், கால் நிறமும் அலகு நிறமும் உண்மையாகத் தெரியும். மேற்குக் கரையில் நின்று காலையில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு.

ஆறே கால் முதல் எட்டரை வரை நிலாவெளி உப்பளத்தையும் அதை ஒட்டிய களப்போரத்தையும் பாருங்கள். உப்பளம் நமக்குத் தண்ணீர்ப் பாடம் சொல்லித் தரும் இடம், ஏனெனில் ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வோர் ஆழம், ஒவ்வோர் உப்பு. கடல்நீர் முதலில் ஏறும் பெரிய பாத்திகளில் மீன் இருக்கும், அங்கே கொக்கும் ஆலாவும். நீர் சுண்டி உப்புக் கூடிய நடுப்பாத்திகளில் மீன் சாகும், ஆனால் உப்பு தாங்கும் சிறு பூச்சிகளும் புழுக்களும் இருக்கும், அங்கே உள்ளான்களும் உப்புக்கொத்திகளும். உப்பு பூத்து வெள்ளையாகக் கிடக்கும் கடைசிப் பாத்தியில் ஏதும் நிற்காது. வரப்பில் நடக்கும்போது தரையைப் பாருங்கள்: கோடையில் அந்த வரப்பிலும் அதை ஒட்டிய காய்ந்த சேற்றிலும்தான் உப்புக்கொத்தி முட்டையிடும். முட்டை மண் நிறத்தில் புள்ளி போட்டிருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். ஒரு சிறு பறவை இறக்கை முறிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினால் நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். வந்த வழியே பின்வாங்குங்கள்.

அடுத்து இறக்கக்கண்டிப் பாலம். களப்பு கடலோடு சேரும் இடம் என்பதால் நீரோட்டம் மீனை ஒடுக்கிக் கொடுக்கும். பாலத்து ஓரத்தில், வாகனத்துக்கு இடம் விட்டு, அரை மணி நேரம் அசையாமல் நின்றால் போதும். விரால் அடிப்பான், செம்பருந்து, வெண்வயிற்றுக் கடற்கழுகு, மூன்று நாலு வகை ஆலா என்று அவையே உங்களைத் தேடி வரும். காலைச் சாப்பாட்டை இதற்குப் பிறகு வையுங்கள். இடியப்பமும் சம்பலும் ஒன்பதரைக்கும் கிடைக்கும், ஏழு மணி வெளிச்சம் திரும்பக் கிடைக்காது.

பெயர் வைப்பதற்கு முன்

புதியவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள். களப்பில் நிறம் ஏமாற்றும், ஏனெனில் வலசைக் காலத்தில் பாதிப் பறவைகள் ஒரே சாம்பல். நடையைப் பாருங்கள்.

உப்புக்கொத்திக்குப் பெரிய கண், கட்டை அலகு. கண்ணால் இரை பிடிக்கும் பறவை அது: நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், உற்றுப் பார்க்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். பக்கத்திலேயே அதே அளவில் நிற்கும் கொசு உள்ளான் அலகின் நுனியால் தடவித் தேடுவது, அதனால் அது நிற்பதே இல்லை, தலையைக் குனிந்தபடி தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே நகரும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் இருநூறு மீற்றரிலிருந்தே கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடலாம். பிறகு உப்புக்கொத்திகளுக்குள் கழுத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள்: வெள்ளைப் பட்டி முழுவதும் சுற்றி வந்து, மார்பில் முழு வளையமும் இல்லாவிட்டால் வெண்மார்பு வகை அல்லது அனுமான் வகை, பட்டி இல்லாமல் பிடரி மண்ணிறமாகவே இருந்தால் மணல் உப்புக்கொத்தி வகை.

நடுத்தர உள்ளான்களில் பவளக்காலி பறக்கும்போதுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்: இறக்கையின் பின்விளிம்பு முழுவதும் அகலமான வெள்ளை. பச்சைக்காலிக்கு அலகு சற்று மேல்நோக்கி வளையும், பறந்தால் முதுகில் வெள்ளை ஆப்பு தெரியும். அதே சாயலில், மெலிந்து, அலகு ஊசியாக இருந்தால் சதுப்பு உள்ளான். தனியாகக் கல்லோரத்தில் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே நிற்பது சாதா உள்ளான், தோளுக்கு முன்னால் வெள்ளை ஏறி நிற்கும்.

வெள்ளைக் கொக்குகள் நாலு வகை, தினமும் பார்ப்பவர்களும் குழம்புவது இங்கேதான். சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் விரல். அது ஒரு காலைச் சேற்றில் நடுக்கிக் கலக்கி மீனைக் கிளப்பும், அந்த மஞ்சள் விரலைப் பார்க்க அதுவே நேரம். உண்ணிக் கொக்குக்குக் குட்டைக் கழுத்து, மாட்டோடு திரியும். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிக்க உயரத்தை நம்பாதீர்கள், வாய்ப்பிளவுக் கோட்டைப் பாருங்கள். கண்ணைத் தாண்டிப் பின்னே போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே முடிந்தால் நடுத்தரம். இதற்கு டெலஸ்கோப்பும் பக்கவாட்டுத் தோற்றமும் வேண்டும், கிடைக்காவிட்டால் கொப்பியில் “கொக்கு” என்று எழுதிவிட்டு மேலே போவது நேர்மை.

ஆலாக்களில் மீசை ஆலா நீர்ப்பரப்பைத் தொட்டுக் கொத்தும், மூழ்காது. பருத்த அலகு ஆலாவின் கறுப்பு அலகு பெயருக்கேற்பத் தடித்தது, அது சேற்றுக்கு மேலும் வயலுக்கு மேலும் பறந்து நண்டும் பூச்சியும் எடுக்கும். மிளகாய்ப்பழம் போன்ற சிவந்த பெரிய அலகும் கடற்காகத்தின் உடம்பும் இருந்தால் காஸ்பியன் ஆலா. கடலோரத்தில் மஞ்சள் அலகோடு கொண்டை சிலிர்த்து நிற்பது பெரிய கொண்டை ஆலா.

நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவே இடைவெளி விடும், ஆனால் குஞ்சுக்கு அந்த இடைவெளி இல்லை. இடைவெளி தெரியவில்லை என்று வேறு பெயர் வைத்துவிட வேண்டாம்.

நெருங்குவதும் சேறும்

பறவையை நோக்கி நேர்கோட்டில் நடக்காதீர்கள். பக்கவாட்டில் போவதுபோல் சாய்ந்து நடந்து, பத்தடிக்கு ஒருமுறை நின்று, கீழே பாருங்கள். பறவை உங்கள் முகத்தைத்தான் அளக்கிறது. கூட்டம் தலையைத் தூக்கி இரை எடுப்பதை நிறுத்தினால் நீங்கள் எல்லையைத் தொட்டாயிற்று, அங்கேயே உட்காருங்கள். எல்லாம் ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். முதலில் கத்துவது பெரும்பாலும் பவளக்காலியோ ஆட்காட்டியோதான், அவற்றை ஒதுக்கிச் சுற்றிப் போனால் மற்றவை அமைதியாக இருக்கும். படம் எடுக்கக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவது விளையாட்டல்ல. சைபீரியத் துருவ ஓரம் வரை திரும்பிப் பறக்க வேண்டிய உள்ளான் பெப்ரவரி, மார்ச்சில் கொழுப்பைச் சேர்க்கிறது. ஒவ்வொரு வீண் பறப்பும் அந்தச் சேமிப்பிலிருந்து கழியும்.

சேற்றுக்குள் இறங்குவதில் பயனில்லை, பறவைக்குக் கிட்டப் போகவும் முடியாது. ஓரத்தில் நடக்க வேண்டிவந்தால் உமரிச் செடி படர்ந்த தரையும் மாட்டுக் குளம்பு பதிந்த தடமும் உறுதியானவை. செடியே இல்லாமல் பளபளக்கும் மொட்டைச் சுரி கம்பை விழுங்கும், காலையும் விழுங்கும். முதலை உள்ள களப்பில், குறிப்பாகக் கண்டல் காட்டோரத்திலும் ஆற்று வாயிலும், தண்ணீர் விளிம்பில் குந்தி இருந்து படம் எடுக்கக் கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் எக்காரணம் கொண்டும் கால் வைக்க வேண்டாம்.

வெயில் ஏறிய பிறகு

பத்து மணிக்கு மேல் சேறு சூடேறிக் காற்று நடுங்கும். இருநூறு மீற்றருக்கு அப்பால் உள்ள உள்ளானின் அலகு வளைவா நேரா என்று அப்போது முடிவெடுக்காதீர்கள், பட்டியலில் தவறு சேருவது இந்த நேரத்தில்தான். வெட்டவெளியை விட்டு மரநிழல் உள்ள குளத்துக்குப் போங்கள். தாமரையும் அல்லியும் மூடிய குளத்தில் நீளவால் இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், சீழ்க்கைச் சிறகி எல்லாம் முப்பது நாற்பது மீற்றருக்குள் கிடைக்கும், வெயில் நடுக்கம் அந்தத் தூரத்தைத் தொடாது. குளக்கரை மரங்களில் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டியிருந்தால் அடிமரத்துக்குப் போகக் கூடாது. பெரியவை எழும்பிய கணம் காகம் முட்டைக்கு வந்துவிடும்.

மதியம் தூங்குங்கள். உண்மையாகவே. பன்னிரண்டு முதல் மூன்று வரை பறவையும் அதைத்தான் செய்கிறது.

பின்னேரம்: வயல் பக்கம்

காலையில் களப்பு என்றால் மாலையில் வயல். கண்டி வீதியில் தம்பலகாமத்து வயல்வெளிக்கு மூன்றரைக்குப் போய்ச் சேருங்கள். இங்கேயும் தண்ணீர்க் கணக்குத்தான், ஆனால் அதை மழையும் முகத்துவாரமும் அல்ல, வாய்க்கால் மடை தீர்மானிக்கிறது. பெரும்போகத்துக்கு உழும்போது மெஷினின் பின்னால் உண்ணிக் கொக்கும் மீசை ஆலாவும் மொய்க்கும். நாற்று உயர்ந்துவிட்டால் பறவை இருக்கும், நமக்குத் தெரியாது. அறுவடை முடிந்து அடிக்கட்டை நிற்கும் ஈர வயல்தான் பார்ப்பதற்கு நல்லது: நத்தைகுத்தி, அரிவாள் மூக்கன், பொரி உள்ளான், வரப்போரம் பதுங்கும் விசிறிவால் உள்ளான். விசிறிவால் உள்ளான் காலடியில் இருந்து வெடித்ததுபோல் கிளம்பி வளைந்து வளைந்து பறக்கும். அதைத் தேடி வயலுக்குள் இறங்காமல் வரப்போரத்தை முன்கூட்டியே கண்ணாடியால் துழாவினால் உட்கார்ந்திருக்கும்போதே காணலாம். பயிர் நிற்கும் வரப்பில் நடக்கக் காணிக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காலில் புண் இருந்தால் வயல் தண்ணீரில் வைக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் பிடிக்கும்.

சூரியன் இப்போது மேற்கே, ஆகவே மேற்கு வீதியில் நின்று கிழக்கே பாருங்கள். ஐந்தரைக்குப் பிறகு நடக்காமல் ஓரிடத்தில் நின்று அடையப் போகும் கூட்டங்களை எண்ணுங்கள். கந்தளாய்ப் பக்கமோ திரியாய்ப் பக்கமோ போயிருந்தால் ஆறு மணிக்கு முன் திரும்பிவிடுங்கள். அந்த வீதிகள் இருட்டினால் யானையுடையவை.

எண்ணுவதும் எழுதுவதும்

கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முயன்றால் பாதியில் பறந்துவிடும். முதலில் பத்தை எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதியுங்கள், பிறகு அந்த அளவால் கூட்டத்தை அளந்து போங்கள். கூட்டம் பெரிதென்றால் பத்தைப் பத்து முறை வைத்து நூறின் அளவு எடுங்கள். நெருக்கமாக நிற்கும் கொசு உள்ளானை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள், பரந்து நிற்கும் கொக்கைக் கூட்டியே மதிப்பிடுகிறார்கள்.

கொப்பியில் ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்: “6.40, உப்பளம் தெற்கு, தண்ணீர் இரண்டு விரல், காற்று வடகிழக்கு லேசு, கொசு உள்ளான் 140, பவளக்காலி 22, அடையாளம் தெரியாத உள்ளான் 9.” நீர்மட்டம் எழுதப்படாத பட்டியலால் அடுத்த வருடம் யாருக்கும் பயனில்லை. கடைசி “தெரியாத 9”-ஐ வெட்கப்படாமல் எழுதுங்கள், அது இல்லாத பட்டியலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் இணையத்தளமான ஈபேர்டில் (eBird) ஏற்றலாம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனிப் பட்டியல் போடுங்கள், நாள் முழுவதையும் ஒன்றாக்கினால் எந்தப் பறவை எந்தத் தண்ணீரில் நின்றது என்பது தொலைந்துவிடும். கூடு இருக்கும் இடத்தை மட்டும் பொதுவில் போட வேண்டாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. எண்ணிப் பழகியவர்கள் அதில் சேரலாம்.

கொக்கிளாய் தனி நாள்

1951-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கொக்கிளாய்க் களப்பை மேலே சொன்ன நாளோடு சேர்க்காதீர்கள். நகரிலிருந்து புல்மோட்டைக்கே 55 கி.மீ. வரும், நின்று நின்று போனால் முற்பகல் வழியிலேயே முடிந்துவிடும். களப்பின் தென்கரைக்குப் புல்மோட்டைப் பக்கமாகப் போக வேண்டும். கொக்கிளாய் என்ற ஊர் வட கரையில், முல்லைத்தீவு மாவட்டத்துக்குள் இருக்கிறது, வரைபடத்தில் ஊர்ப் பெயரைக் குறிவைத்துப் புறப்பட்டால் தவறான கரைக்குக் கொண்டு போய்விடும். முந்தின இரவு புல்மோட்டை அல்லது குச்சவெளியில் தங்கி விடியலில் களப்போரம் நிற்பதே வழி. பரப்பு பெரிது, பறவை தூரம், டெலஸ்கோப் இல்லாமல் போனால் பாதிதான் தெரியும்.

புறாமலைத் தீவை இதற்குள் நுழைக்க வேண்டாம். 2003 முதல் அது தேசிய பூங்கா, அங்கே மாடப்புறாவும் பவளப்பாறையும்தான் விசேஷம். படகு ஓடும் அமைதிக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை, களப்பின் நல்ல காலமோ அதற்கு நேரெதிர்.

திரும்பிய இரவே கண்ணாடிகளைக் கவனியுங்கள். கடற்காற்றில் லென்ஸில் படிந்தது தூசியல்ல, உப்புத் தூள். காய்ந்த துணியால் தேய்த்தால் மேற்பூச்சைக் கீறிவிடும். ஊதியோ மெல்லிய தூரிகையால் தட்டியோ மணலைப் போக்கி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடுத்து, பிறகு காய்ந்த துணியால் வட்டமாகத் துடையுங்கள். நீர் புகாதது என்று எழுதியிருக்கும் பைனாகுலரைக் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கழுவியே விடலாம். ட்ரைபொட்டின் கால்களை முழுவதும் நீட்டிக் கழுவி, நீட்டியபடியே காயவிடுங்கள். மடக்கி வைத்தால் பூட்டுகளுக்குள் உப்பு இறுகி அடுத்த முறை கால் வெளியே வராது.